வளைவுக்கு அப்பால் நிற்பவர்: காரோட்டப் பந்தயக் கொடிகளும் வன்னியில் நாம் கண்டவையும்

கனகராயன் (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். பார்முலா வன் பந்தயங்களைப் பற்றிப் பேசும்போது வெற்றி தோல்வியையும் புள்ளிக் கணக்கையும் நிறையப் பேசுகிறோம். ஓடுபாதையின் ஓரத்தில் கொடி பிடித்து நிற்பவர்களைப் பற்றி எவரும் எழுதிக் காணவில்லை. அந்தக் கொடிகள் சொல்லும் பொருளை வைத்து, நமது வாழ்க்கையில் நாம் கண்டவற்றை எழுதலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். ஏ9 வீதியிலும் அதன் கிளை வீதிகளிலும் நீண்ட காலமாகப் பேருந்து ஓட்டுபவன் என்ற முறையில், மஞ்சள் கொடியிலிருந்து தொடங்குவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஒற்றை மஞ்சள் கொடி அசைந்தால், முன்னால் ஆபத்து உள்ளது, வேகத்தைக் குறைக்க வேண்டும், எவரையும் முந்தக் கூடாது என்று பொருள். இரண்டு மஞ்சள் கொடிகள் சேர்ந்து அசைந்தால், பாதை அடைபட்டிருக்கலாம் அல்லது பணியாளர்கள் பாதையிலேயே நின்று வேலை செய்யலாம், ஆகவே வேகத்தை மிகவும் குறைத்து, தேவைப்பட்டால் நிற்பதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்று பொருள். இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. கொடியைக் காணும் இடத்தில் ஓட்டுநரின் கண்ணுக்கு ஆபத்துத் தெரிவதில்லை. வளைவுக்கு அப்பால் கவிழ்ந்து கிடக்கும் காரை அவர் இன்னும் காணவில்லை. கொடி பிடிப்பவர் கண்டிருக்கிறார். தான் காணாத ஒன்றை இன்னொருவர் கண்டிருக்கிறார் என்று நம்பி, அவ்வளவு வேகத்தில் வருபவர் காலை எடுக்க வேண்டியிருக்கிறது. கண்ட பின்னர் குறைப்பதற்குக் கொடி தேவையில்லை.

எங்கள் பகுதியில் இதே வேலையைச் செய்பவர்கள் புகையிரதக் கடவைக் காப்பாளர்கள். 1990 இல் போரினால் நின்றுபோன யாழ்தேவிப் புகையிரதம் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் வந்தபோது, தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்ட வெறும் மண்மேடாகவே அந்தப் பாதையைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது. நினைத்த இடத்தில் மேட்டைக் குறுக்கறுத்துக் கடந்த பழக்கம், தண்டவாளம் வந்த பின்னும் உடனே போகவில்லை. தடுப்புக் கதவு இல்லாத கடவைகளில் உயிர்கள் போயின. பின்னர் அந்தக் கடவைகள் பலவற்றில் ஆட்களை நிறுத்தினார்கள். சிறிய கொடுப்பனவுக்கு, ஒரு தகரக் கொட்டிலுக்குள், மழையென்றும் வெயிலென்றும் பாராமல் இருப்பவர்கள்.

அப்படிப்பட்ட ஒருவர் கையைக் காட்டி மறித்தால் நான் நின்றுவிடுவேன். புகையிரதம் வருவதற்குச் சில வேளைகளில் நீண்ட நேரம் எடுக்கும். பின்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் ஒலி எழுப்பும்; பேருந்துக்குள் இருப்பவர்கள், "ஒண்டையும் காணேல்லையே, எடுங்கோ அண்ணை" என்பார்கள். ஒரு நாள் அவர் மறித்தும் புகையிரதம் வரவே இல்லை. முந்திய நிலையத்தில் அது தரித்துவிட்டதாகப் பின்னர் அவருக்குத் தொலைபேசியில் அறிவித்தார்கள். அன்று பேருந்துக்குள் எழுந்த சினம் முழுவதும் அந்த மனிதர் மீதே விழுந்தது. வராத புகையிரதத்துக்காக மறித்தவருடைய சைகையை மறுநாளும் நாம் மதிக்கிறோமா என்பதில்தான் அவருடைய வேலையின் பயன் முழுவதும் தங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

உங்களுக்குக் கொடி காட்டியவர் யார், நீங்கள் யாருக்குக் காட்டினீர்கள் என்பதை எழுதுங்கள்.

புதுக்குடியிருப்பான் (இங்கிலாந்து)

கனகராயன் அண்ணாவுக்கு வணக்கம். நான் இங்கே வார இறுதிகளில் ஓர் ஓடுபாதையில் கொடிப் பணியாளராக நிற்கிறேன். உலகெங்கும் இந்தப் பணியைச் செய்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்பது பலருக்குத் தெரியாது. பந்தயத்தை நேசிக்கும் ஆசிரியர்களும் தச்சர்களும் ஓய்வு பெற்றவர்களும் விடியற்காலையில் வந்து, நாள் முழுவதும் ஒரே வளைவைப் பார்த்தபடி நிற்பார்கள். ஆபத்தும் இல்லாமலில்லை. 2000 இல் இத்தாலியின் மொன்சாவிலும் அதற்கு அடுத்த ஆண்டு மெல்பேர்னிலும், விபத்துக்குள்ளான கார்களிலிருந்து கழன்று பறந்த சக்கரம் பட்டு ஓடுபாதைப் பணியாளர் ஒவ்வொருவர் இறந்தனர்.

இரட்டை மஞ்சள் கொடியைப் பற்றி எழுதும்போது சுசுக்கா ஓடுபாதையில் நடந்ததை எழுதாமல் விட முடியாது. 2014 ஒக்ரோபர் 5 ஆம் திகதி ஜப்பானில் மழைக்குள் நடந்த பந்தயத்தில், அட்ரியன் சூட்டிலின் கார் ஒரு வளைவில் வழுக்கி வெளியே சென்றது. அதைத் தூக்குவதற்குப் பாரந்தூக்கி வாகனம் ஒன்று உள்ளே வந்திருந்தது. இரட்டை மஞ்சள் கொடிகள் அசைந்துகொண்டிருந்தன. அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஜூல்ஸ் பியாங்கியின் காரும் வழுக்கி, அந்தப் பாரந்தூக்கியின் மீது மோதியது. அவர் நினைவு திரும்பாமலேயே 2015 யூலை 17 ஆம் திகதி காலமானார். கட்டுப்பாட்டை இழக்காத அளவுக்கு அவர் வேகத்தைக் குறைத்திருக்கவில்லை என்று விசாரணைக் குழு கூறியது. அதை அவர் மீதான பழியாக நான் படிப்பதில்லை. மஞ்சள் கொடியின் கீழ் எவ்வளவு குறைப்பது என்பதை ஒவ்வோர் ஓட்டுநரும் தானே தீர்மானிக்கும்படி விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓடுபவர் குறைக்காதபோது தான் மட்டும் குறைத்தால் இடத்தை இழக்க நேரிடும் என்ற அச்சம் எவருக்கும் உண்டு. அதனால்தான் 2015 இல் மெய்நிகர் பாதுகாப்புக் கார் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அது அறிவிக்கப்பட்டால் ஓடுபாதையிலுள்ள அனைவரும் குறிக்கப்பட்ட கால அளவுக்குக் கீழே போகாமல் மெதுவாகவே ஓட்ட வேண்டும், ஒருவரும் நட்டப்படுவதில்லை. அண்ணாவின் பேருந்துக்குப் பின்னால் ஒலி எழுப்பிய மோட்டார் சைக்கிள்களை நினைக்கும்போது, தனி ஒருவருடைய பொறுமையை நம்பியிருக்கும் ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பது விளங்குகிறது.

மருதநிழல் (செட்டிகுளம்)

எனக்குக் காரோட்டப் பந்தயத்தில் பழக்கமில்லை. என் மகன் பார்ப்பான். இந்த இழையை அவன்தான் காட்டினான். கறுப்புத் துணியின் நடுவே செம்மஞ்சள் வட்டம் கொண்ட ஒரு கொடி இருக்கிறதாம். அதைக் காரின் இலக்கத்தோடு சேர்த்துக் காட்டினால், உனது வாகனத்தில் உனக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்தான ஒரு பழுது இருக்கிறது, அடுத்த முறை வரும்போது திருத்துமிடத்துக்குள் வந்துவிடு என்று பொருளாம். அவன் அதை விளக்கியபோது, நான் தாதியாகச் செய்துவரும் வேலையை வேறு எவரும் இவ்வளவு சரியாகச் சொல்லிக் கேட்டதில்லை என்று தோன்றியது.

வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அந்த நோய் தொடக்கத்தில் வலிக்காது. வயலில் நாள் முழுவதும் நின்று உழைக்கும் மனிதருக்கு உடலில் ஒரு குறையும் தெரியாது. குருதியிலுள்ள கிரியேற்றினின் அளவும் சிறுநீரில் வெளியேறும் புரதமும் மட்டுமே அதைக் காட்டும். தெரியும்படியாக முகமும் காலும் வீங்கும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதடைந்திருக்கும். நடமாடும் சிகிச்சை முகாமில் பரிசோதித்துவிட்டு, "ஐயா, நீங்கள் பெரியாஸ்பத்திரிக்கு வர வேண்டும்" என்று சொன்னால், அவர் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு மனத்தாங்கல் இருக்கும். நான் நன்றாகத்தானே இருக்கிறேன், ஊரே பார்க்க என்னை ஏன் தனியே கூப்பிடுகிறாய் என்று அந்தப் பார்வை கேட்கும்.

காலபோக விதைப்பை முடிக்காமல் வர மாட்டேன் என்று ஒருவர் சொன்னார். இரண்டு போகங்களுக்குப் பின்னர் வந்தார். இப்போது குருதி சுத்திகரிப்புக்காக வாரந்தோறும் வவுனியாவுக்குப் போய் வருகிறார். இன்னொருவர், அவருடைய மனைவி கட்டாயப்படுத்தியதால், சொன்ன கிழமையே வந்தார். அவருக்கு இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, கிணற்று நீரை விட்டு வடிகட்டிய நீருக்கு மாற்றி, வலி மாத்திரைகளை நிறுத்தி, முறையாகப் பார்த்து வருகிறோம். இன்றும் வயல் செய்கிறார். முழுக் கறுப்புக் கொடி காட்டினால் பெரும்பாலும் பந்தயமே முடிந்துவிடும் என்றும், செம்மஞ்சள் வட்டம் உள்ள கொடி காட்டினால் உள்ளே வந்து திருத்திக்கொண்டு மறுபடி ஓடலாம் என்றும் மகன் சொன்னான். அந்த வேறுபாட்டை எங்கள் மக்களுக்கு விளங்க வைப்பதற்காகவே நான் இதை எழுதுகிறேன். காரின் முன்சிறகு ஆடுவதை இருக்கையிலிருக்கும் ஓட்டுநர் காண முடியாது. வெளியே நிற்பவர் காண்கிறார். உங்களை இலக்கம் சொல்லி அழைப்பவர் உங்களை ஓட்டத்திலிருந்து விலக்குவதற்காக அழைக்கவில்லை.

வரம்போரம் (முத்தையன்கட்டு)

மருதநிழல் அக்காவின் பதிவை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். நான் ஓர் ஆசிரியர். நீலக் கொடியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

நீலக் கொடி, பின்னால் உன்னை விட வேகமான கார் வருகிறது, வழி விடு என்று சொல்வது. பந்தயத்தில் அது பெரும்பாலும் ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கிய ஓட்டுநருக்கே காட்டப்படுகிறது. திரும்பத் திரும்பக் காட்டியும் அவர் வழி விடாவிட்டால் தண்டனை உண்டு. 2008 இல் கிழமைக்கு ஓரிடமாக இடம்பெயர்ந்து, மரத்தடிகளிலும் தறப்பாள் கொட்டகைகளிலும் பாடம் கேட்டு, 2009 ஓகஸ்ற்றில் செட்டிகுளம் முகாம்களுக்குள் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் எனக்கு இருந்தார்கள். எழுதாமல் விட்டவர்கள் அவர்களை விட அதிகம். மீள்குடியேறிய பின்னர் அவர்களிற் சிலர் திரும்பி வந்து, தங்களை விட வயது குறைந்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்தார்கள். தம்பிமார் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிப் போகும்போது வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுபடியும் வந்து அமர்வார்கள்.

அவர்களுக்கு நான் சொன்னது இதுதான். வழி விடுவதால் உன்னுடைய ஓட்டம் முடிவதில்லை. முந்திச் செல்பவர் உன்னோடு போட்டியிடவே இல்லை, அவர் தம் சுற்றை ஓடுகிறார். நீலக் கொடிக்கு மரியாதையாக ஒதுங்கிக்கொடுத்து, மீண்டும் தன் தடத்தைப் பிடித்து, தன் ஓட்டத்தை முடிக்கும் ஓட்டுநரை நான் உயர்வாக மதிக்கிறேன். அப்படி மீண்டும் அமர்ந்த ஒருவர் இன்று எங்கள் பாடசாலையிலேயே கணிதம் கற்பிக்கிறார்.

தருமபுரம்

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் மீது மதிப்புண்டு. ஆனால் இந்த ஒப்பீட்டை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

நீலக் கொடி காட்டப்படும் ஓட்டுநர் பின்தங்கியதற்குக் காரணம் அவருடைய காரோ திறமையோ என்று பார்ப்பவர்கள் எண்ணுவார்கள். நாங்கள் பின்தங்கியதற்கு அது காரணமல்ல. இதை விடச் சிவப்புக் கொடியே எங்களுக்குப் பொருத்தமானது, அதுவும் குறையோடுதான். சிவப்புக் கொடி காட்டினால் ஓடுபாதை எங்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காட்டப்படும். எல்லோரும் மெதுவாகத் திருத்துமிடப் பாதைக்குள் வந்து வரிசையாக நிற்பார்கள். மறுபடி தொடங்கும்போது வரிசை கலைவதில்லை. 2011 யூனில் கனடாவில் நடந்த பந்தயம் மழையால் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக நின்றது. முழுப் பந்தயமும் முடிய நான்கு மணித்தியாலத்துக்கும் மேலாயிற்று. மறுபடி தொடங்கிய பின்னர் ஒரு கட்டத்தில் கடைசி இடத்துக்கே போன ஜென்சன் பட்டன், இறுதிச் சுற்றில் முதலிடத்தில் ஓடிய வெட்டல் வழுக்கியபோது முந்தி வென்றார். அது அழகான கதைதான். ஆனால் நின்ற அந்த இரண்டு மணித்தியாலத்தில் வேறு எவரும் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதால்தான் அந்தக் கதை நடந்தது.

வன்னியில் நாங்கள் நிறுத்தப்பட்டபோது மற்றவர்களின் ஓட்டம் நிற்கவில்லை. 2006 ஓகஸ்ற்றில் ஏ9 வீதி மூடப்பட்டது. வெளியே பரீட்சைகள் நடந்தன, பட்டங்கள் வழங்கப்பட்டன, வீடுகள் எழுந்தன. என் தந்தையார் 2008 இல் அறுவடைக்கு நின்ற நெல்லை அப்படியே விட்டுவிட்டு உழவு இயந்திரப் பெட்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே போனார். நாங்கள் திரும்பி வந்தபோது, நின்ற இடத்திலிருந்து தொடங்குங்கள் என்று சொன்னார்கள். எங்களை நிறுத்திய காலத்தைக் கணக்கிலெடுக்காத பந்தயத்தில், முந்திச் செல்பவருக்கு மரியாதையாக வழி விடும்படி பிள்ளைகளுக்குச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வரம்போரம் (முத்தையன்கட்டு)

தம்பி, நீங்கள் சொல்வதில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை. சிவப்புக் கொடி எல்லோருக்கும் ஒன்றாகக் காட்டப்பட வேண்டும் என்ற வாதம் மிக வலுவானது. அந்த நியாயத்தைக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பந்தயத்தில் நீலக் கொடி எதற்காகப் பின்தங்கினாய் என்று கேட்பதில்லை. சக்கரம் வெடித்து உள்ளே போய் வந்தவருக்கும் அதே கொடிதான். பிறர் வந்து இடித்ததால் திருத்துமிடத்தில் நின்றவருக்கும் அதே கொடிதான். வழி விடுவதென்பது தன் தகுதியைக் குறைத்துக்கொள்வது ஆகாது. நட்டத்துக்குக் கணக்குக் கேட்பது ஒரு வேலை, அன்றைய பாடத்தைப் படிப்பது இன்னொரு வேலை. முதலாவது முடியும் வரைக்கும் இரண்டாவதைத் தள்ளிவைக்கும்படி என்னால் ஒரு பிள்ளையிடம் சொல்ல முடியாது.

தருமபுரம்

இரண்டும் இரண்டு வேலைகள் என்பதை ஏற்கிறேன், ஐயா. முதலாவதை மறக்காமல் இரண்டாவதைச் செய்யச் சொல்லிக் கொடுங்கள்.

ஆனையிறவுக் காற்று (பரந்தன்)

நான் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருப்பவள். முகமாலையில் வேலை செய்கிறேன். எங்கள் வேலையிடத்தில் கொடி அசைப்பதில்லை. முனையில் சிவப்புப் பூசிய கட்டைகளும் மண்டையோட்டுப் பலகைகளும் உள்ளன. சிவப்புக்கு அந்தப் பக்கம் இன்னும் பார்க்கப்படாத நிலம். ஒரு துண்டு நிலத்தை விரலளவு விரலளவாகப் பார்த்து முடித்த பிறகே கட்டையைப் பிடுங்கி முன்னே நடுவோம்.

கனகராயன் அண்ணா எழுதியதைப் போல, எங்கள் வேலையிலும் மிகப் பெரிய துன்பம் நம்பாதவர்களால் வருவதுதான். மாடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும் பழைய இரும்பு தேடுபவர்களும், "இத்தனை வருடமாக இதால்தானே போய் வருகிறோம்" என்று சொல்லிக்கொண்டு கட்டைகளைத் தாண்டுவார்கள். சிலர் கட்டையையே பிடுங்கி வேலிக்குக் கொண்டுபோவார்கள். அவர்கள் போய் வந்தது உண்மைதான்; காலின் பாரம் விழுந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி மிதிவெடி இருந்ததும் உண்மைதான். எதுவும் நடக்காமல் போன நாள்கள், எங்கள் எச்சரிக்கை பொய் என்பதற்குச் சாட்சியாக எண்ணப்படுகின்றன. நாங்கள் எடுத்துக் காட்டும் வரைக்கும் மண்ணுக்குள் இருப்பதை எவரும் காண்பதில்லை. எடுத்த பின்னர் அது அங்கே இருந்தது என்பதையும் விரைவில் மறந்துவிடுகிறார்கள். அந்த நிலத்தில் பின்னர் கச்சான் போடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கும் காலக்கெடு 2028 யூன் மாதம். அதற்குள் முடிகிறதோ இல்லையோ, எந்தக் கட்டையையும் அவசரத்துக்காக முன்னே நட முடியாது. என்னோடு வேலை செய்பவர்களில் பலர் கணவரை இழந்த பெண்கள். எங்களில் ஒருத்தி அவசரப்பட்டால் அதன் பலன் அவளுக்கு உடனே வராது. நாங்கள் போன பிறகு அங்கே கச்சான் கொத்தப் போகும் யாரோ ஒருவருக்குத்தான் வரும்.

மல்லாவி மைந்தன்

எல்லோருடைய பதிவுகளையும் வாசித்தேன். ஒரு சந்தேகம். அமெரிக்கப் பந்தயங்களில் வெள்ளைக் கொடி காட்டினால் கடைசிச் சுற்று என்கிறார்கள். பார்முலா வன்னில் வேறு பொருள் என்கிறார்கள். எது சரி?

புதுக்குடியிருப்பான் (இங்கிலாந்து)

இரண்டும் சரிதான், தம்பி. அமெரிக்காவின் நாஸ்கார், இண்டிகார் பந்தயங்களில் முதலிடத்தில் இருப்பவர் இறுதிச் சுற்றைத் தொடங்கும்போது வெள்ளைக் கொடி அசைப்பார்கள். சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடக்கும் பந்தயங்களில், முன்னால் மிக மெதுவாகச் செல்லும் வாகனம் ஒன்று இருக்கிறது என்று பொருள். நோயாளர் காவு வண்டியாக இருக்கலாம், பழுதாகித் தட்டுத்தடுமாறித் திரும்பும் பந்தயக் காராகவும் இருக்கலாம்.

கண்ணகி வாசல் (வற்றாப்பளை)

நான் வயதில் மூத்தவள். பேரப்பிள்ளை வாசித்துக் காட்ட, நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள். வெள்ளைக் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் இழவு வீட்டுக்குப் போகும் வழி நெடுக வெள்ளைக் கொடி கட்டுவார்கள். அது பழைய வழக்கம். போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு வெள்ளைத் துணியைப் பார்க்கும்போது எனக்கு வேறு நினைவே வருகிறது. வட்டுவாகல் பாலத்தை வெள்ளைத் துணியை உயர்த்தியபடி கடந்தவர்களில் நானும் ஒருத்தி. என் கையில் இருந்தது என் மருமகளுடைய சேலையின் ஒரு கிழிசல்.

பந்தயத்தில் மெதுவாகப் போகிறவரே வெள்ளைக் கொடியைத் தூக்கிப் பிடிப்பதில்லையாம். கரையில் நிற்கிற இன்னொருவர் அவருக்காகப் பிடிக்கிறாராம். பின்னால் வேகமாக வருபவர்களுக்கு, இங்கே ஒருவர் தள்ளாடிப் போகிறார், பார்த்து வாருங்கள் என்று அவர் சொல்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. காயப்பட்டவர்களையும் நடக்க முடியாத கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் கொண்டு மெதுவாக நடந்துபோன எங்களுக்காக, கரையில் நின்று கொடி பிடிக்க ஒருவரும் இருக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டே, வெளியிலிருந்து வந்து எங்களோடு நின்ற உதவி நிறுவனப் பணியாளர்கள் புறப்பட்டுப் போகும்போது, போக வேண்டாம் என்று அவர்களுடைய வாசலில் நின்று சனங்கள் கேட்டார்கள். அவர்களுக்கு உத்தரவு, போய்விட்டார்கள். கொடி பிடிப்பவர் போன பிறகு, மெதுவாகப் போகிறவர் தன்னுடைய துணியைத் தானே உயர்த்த வேண்டியதாயிற்று.

பேருந்து ஓட்டுகிற தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் கடவைக் காவல் பிள்ளைக்குப் போகிற வழியில் ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

கனகராயன் (கிளிநொச்சி)

அம்மா, நீங்கள் சொன்னதை இன்று செய்தேன். அவர் வாங்க மறுத்து, வற்புறுத்திய பிறகே வாங்கிக்கொண்டார். அவருடைய ஊர் விசுவமடு என்பதும், இரவுப் புகையிரதத்துக்கும் அவரே நிற்கிறார் என்பதும் இவ்வளவு காலமாக எனக்குத் தெரியாது. உங்கள் பதிவுக்கு மறுமொழியாக வேறு எதையும் எழுத எனக்குத் தகுதியில்லை.

சவாரித்திடல் (பாண்டியன்குளம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்தில் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி நடத்தும் குழுவில் நானும் ஒருவன். இந்த இழையை முதலிலிருந்து வாசித்து வந்தேன். ஒரு நடைமுறைக் கேள்விக்காக எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில், ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பார்வையாளர்களும் பாதைப் பணியாளர்களும் இருந்தார்கள். சற்று முன்னர் வேறொரு கார் கவிழ்ந்திருந்ததால் மஞ்சள் கொடி அசைத்துக்கொண்டிருந்த வேளையிலேயே அது நடந்தது என்று செய்திகள் கூறின. அந்தச் செய்தியை வாசித்தபோது எங்கள் திடலைத்தான் நினைத்தேன். எங்களிடம் ஒரேயொரு கொடி இருக்கிறது. தொடக்கக் கோட்டில் நிற்பவர் அதை அசைத்து வண்டிகளை விடுவார். அதற்குப் பிறகு திடலின் நடுவில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடினாலோ, முன்னைய சோடியில் அச்சு முறிந்து ஒரு வண்டி கிடந்தாலோ, அடுத்த சோடியை விடப் போகிறவருக்கு அது தெரியாது. ஒலிபெருக்கியில் கத்துவார்கள், ஆரவாரத்தில் கேட்காது. நாம்பன் மாடுகள் வேகம் பிடித்துவிட்டால் சவாரிக்காரர் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. முடிவுக் கோட்டைத் தாண்டியும் அவை வெகுதூரம் ஓடித்தான் நிற்கும்.

திடலின் ஓரங்களில் மஞ்சள் கொடியோடு ஆட்களை நிறுத்தலாமா என்று குழுவில் கேட்டேன். மாட்டுக்குக் கொடி விளங்குமா என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். இங்கிலாந்திலிருக்கும் தம்பி, அனுபவத்திலிருந்து வழி சொல்ல வேண்டும்.

புதுக்குடியிருப்பான் (இங்கிலாந்து)

ஐயா, உங்கள் திடலுக்கு இது கட்டாயம் வேண்டும் என்றே சொல்வேன். மாட்டுக்குக் காட்டுவதற்காக அல்ல. ஓடத் தொடங்கிய சோடியை நிறுத்துவது கடினம் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே கொடி போய்ச் சேர வேண்டியவர் தொடக்கக் கோட்டில் நிற்பவர். திடலின் நீளத்தைப் பார்த்து, ஒருவரிலிருந்து அடுத்தவர் தெளிவாகத் தெரியும் தூரத்தில் ஆட்களை நிறுத்துங்கள். தம் பகுதியில் எதைக் கண்டாலும் அவர் மஞ்சளை அசைக்க வேண்டும். அதைக் கண்ட அடுத்தவரும் அசைக்க வேண்டும். அப்படியே தொடக்கக் கோடு வரைக்கும் செய்தி வந்து சேரும். ஒரு மஞ்சள் தெரிந்தாலும் அடுத்த சோடியை விடக் கூடாது. எல்லோரும் பச்சையைக் காட்டிய பிறகே விட வேண்டும்; மஞ்சளைக் கீழே இறக்கிவிட்டால் பாதை சரியாகிவிட்டது என்று தாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

இன்னும் இரண்டு விடயங்கள். கொடி பிடிப்பவர் வண்டிகள் வரும் திசைக்கு ஒருபோதும் முதுகைக் காட்டக் கூடாது. இருவராக நின்று, ஒருவர் வரும் பக்கத்தையும் மற்றவர் போகும் பக்கத்தையும் பார்ப்பதே நாங்கள் செய்யும் முறை. அடுத்தது, அவர் கயிற்றுக்கு உட்பக்கம் நிற்காமல், மாடு விலகினால் ஒதுங்குவதற்கு ஒரு மரமோ மண்மூட்டை அடுக்கோ உள்ள இடத்தில் நிற்க வேண்டும். பொய்யாக அசைத்துவிட்டாய் என்று எவரையும் திட்டக் கூடாது என்பதைக் குழு முன்கூட்டியே எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். ஒரு தடவை திட்டு வாங்கியவர் அடுத்த தடவை தயங்குவார்.

ஆனையிறவுக் காற்று (பரந்தன்)

ஐயா, சவாரி எங்கள் விடுமுறை நாளில் நடந்தால் நானும் என்னோடு வேலை செய்யும் இருவரும் வந்து நிற்போம். ஒரே இடத்தைப் பார்த்தபடி நீண்ட நேரம் நிற்பது எங்களுக்குப் பழக்கமானது.

சவாரித்திடல் (பாண்டியன்குளம்)

மிக்க நன்றி, தங்கச்சி. தம்பி எழுதியதைத் தாளில் எழுதி நேற்றுக் கூட்டத்தில் வாசித்தேன். மாட்டுக்குக் கொடி விளங்குமா என்று கேட்டவரே, திட்டக் கூடாது என்ற விதியை ஒலிபெருக்கியில் முதலில் அறிவிக்க வேண்டும் என்றார். திடலின் தெற்குப் பக்கத்தில் இரண்டு பாலை மரங்கள் இருக்கின்றன, அங்கே ஒதுங்கலாம்; வடக்குப் பக்கத்துக்கு மண்மூட்டை அடுக்க வேண்டும். மஞ்சள் துணியும் பச்சைத் துணியும் மல்லாவியில் எடுத்து, தடித்த விளிம்பு வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறோம். திகதி முடிவானதும் இங்கே அறிவிக்கிறேன். நிற்க விரும்புகிறவர்கள் முதல் நாள் மாலையே வந்தால், இடங்களைக் காட்டி ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாம். சாப்பாடு எங்கள் வீட்டில்.